சத்து மாத்திரையும் குலுக்கல் சீட்டும்

மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு முடியும் சமயத்தில் குன்னம், வேப்பூர் பக்கத்து மருந்துக் கடைகளில் ஒரு வேண்டுகோள் அடிக்கடி காதில் விழும்: "கை கால் ஓய்ஞ்சு போவுது தம்பி, சத்து மாத்திரை ஏதாச்சும் குடு." கடைக்காரரும் ஒரு அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். கொஞ்சம் வசதியான வீடு என்றால், தெரிந்தவர் ஒருவரே வீடு தேடி வந்து புரதப் பொடியோ பல வைட்டமின் கலந்த டப்பாவோ விற்றுவிட்டுப் போயிருப்பார். ஒரு டப்பா சில ஆயிரம் ரூபாய்கூட ஆகும். இந்த மாத்திரையும் பொடியும் உடம்புக்கு உண்மையில் ஏதாவது செய்கின்றனவா?

சிலருக்கு உயிரையே காக்கின்றன. பலருக்கு எதுவும் செய்வதில்லை. வேறு சிலருக்குக் கெடுதல் செய்கின்றன. ஒரே வைட்டமினே இந்த மூன்றையும் செய்திருக்கிறது. அதற்கு முறையான ஆய்வுகள் சாட்சி. அவற்றில் மிக முக்கியமான ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது.

குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1995 நவம்பர் வரை இந்தப் பகுதி முழுவதும் பழைய திருச்சி மாவட்டம்தான். அந்தத் திருச்சி மாவட்டக் கிராமங்களில், 1980-களின் இறுதியில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், முற்றினால் பார்வையே போகும் என்பது அப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். கண் கெடுமுன்பே அந்தக் குறை குழந்தையின் உயிரையும் அரிக்கிறதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகள் ஆய்வில் இருந்தார்கள். ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஊர்களில் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை வைட்டமின் ஏ-யும் இ-யும் கலந்த சொட்டு. மறுபாதியில் வைட்டமின் இ மட்டும். எந்த ஊருக்கு எது போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஊருக்குள்ளேயே இருக்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வாரமும் வீடு வீடாகப் போய்ச் சொட்டை வாயில் விட்டார்கள். பேதியா, காய்ச்சலா, பிள்ளை நலமா என்று கேட்டுப் பதிந்தார்கள். கொடுத்த அளவு மிகச் சிறியது: வாரத்துக்கு இரண்டரை மில்லிகிராம். நல்ல சாப்பாடு சாப்பிடும் குழந்தைக்கு ஒரு வாரத்தில் உணவிலிருந்தே கிடைத்திருக்க வேண்டிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓர் ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளின் இறப்பு, கிடைக்காதவர்களின் இறப்பில் பாதிக்கும் கீழே இருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், நெடுநாள் பட்டினியால் வளர்ச்சி குன்றியவர்களுக்கும் பலன் இன்னும் அதிகம். முடிவு 1990-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு சொட்டு மருந்து குழந்தைச் சாவைப் பாதியாக்கியது என்பதை உலகம் வியந்து படித்தது. இன்று ஒன்பதாம் மாதத்திலும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரையிலும் நம் பிள்ளைகளுக்கு ஊற்றப்படும் வைட்டமின் ஏ திரவத்துக்குத் துணை நிற்கும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

இப்போது பின்லாந்துக்குப் போவோம். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் பீட்டா கரோட்டின் என்றொரு நிறமி உண்டு. நம் உடம்பு அதைத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. இந்த நிறமி ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. அப்படியானால் அதை மாத்திரையாகவே கொடுத்துப் பார்ப்போமே என்று 1985-இல் தொடங்கினார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். தினமும் 20 மில்லிகிராம். அதாவது சாதாரண உணவில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. 1994-இல் முடிவு வந்தபோது ஆய்வாளர்களே அதிர்ந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். தற்செயலாக இருக்குமோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளர்களிடமும் நடந்துகொண்டிருந்த இதே போன்ற ஆய்வில் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்ததைக் கண்டு, 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஐயம் தீர்ந்தது.

ஒரே சத்து. திருச்சிக் குழந்தையைக் காப்பாற்றியது. பின்லாந்துக்காரரின் நோயைக் கூட்டியது. எப்படி?

இதற்கு விடை நம் கரிசல் காட்டிலேயே இருக்கிறது. மக்காச்சோளப் பயிரில் இளம் இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால், அது துத்தநாகக் குறை என்று இங்குள்ள விவசாயிக்குத் தெரியும். சிங்க் சல்பேட் போட்டால் பயிர் தேறிவிடும். ஆனால் அந்த மண்ணில் துத்தநாகம் போதுமான அளவு இருந்து, தண்ணீர்தான் பற்றவில்லை என்றால்? மூட்டை மூட்டையாகச் சிங்க் சல்பேட் கொட்டினாலும் ஒரு கதிர்கூடக் கூடாது. இன்னும் கொட்டினால் வேர் கெடும். பயிரின் வளர்ச்சியை எது பற்றாக்குறையாக இருக்கிறதோ அதுதான் பிடித்து நிறுத்துகிறது. அதை நிரப்பினால் பாய்ச்சல். ஏற்கெனவே நிறைந்திருப்பதை மேலும் நிரப்பினால் வீண். வரம்பு மீறினால் நஞ்சு. அதனால்தான் மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் போடு என்கிறார்கள் வேளாண்மை அலுவலர்கள்.

உடம்பிலும் இதே கதைதான். ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வளைகோடு உண்டு. பற்றாக்குறைப் பகுதியில் கோடு செங்குத்தாக ஏறும்; அங்கே ஒரு சிறு சொட்டுகூடப் பெரிய மாற்றம் செய்யும். போதுமான அளவு வந்ததும் கோடு சமதளமாகிவிடும். அதற்கும் அப்பால் சில சத்துகளுக்குக் கோடு சரியத் தொடங்கும். ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது உடம்பிலேயே தங்கிச் சேரக்கூடியது. வாரம் ஒருமுறை என்று சொல்லிக் கொடுத்த வைட்டமின் டி பொட்டலத்தைத் தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, சிறுநீரகம் பழுதானவர்களை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சமதளப் பகுதியில் நிற்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் முடிவைச் சொன்னது: புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்பது 2022-இல் தெரிந்தது. வைட்டமின் இ-யும் செலினியமும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,533 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

திருச்சி முடிவைக்கூட எல்லா ஊருக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாக வைட்டமின் ஏ கொடுத்த ஆய்வில் இறப்பு 4 சதவீதமே குறைந்தது. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு. கொடுத்த விதம் வேறு, இடைவெளி வேறு, பிள்ளைகளின் குறை வேறு. யாருக்கு, எவ்வளவு குறை, எப்படி நிரப்பினோம் என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு சத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

இவ்வளவு பெரிய ஆய்வுகள் எதற்கு, சாப்பிட்டவர்களைக் கேட்டால் தெரிந்துவிடாதா என்று தோன்றலாம். தெரியாது என்பதுதான் மருத்துவ அறிவியல் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். சத்து டப்பா வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். கையில் காசு உள்ளவர், உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர், பெரும்பாலும் பீடி குடிக்காதவர், காலையில் நடக்கிறவர். அவர் டப்பா இல்லாமலும் நன்றாகத்தான் இருப்பார். டப்பா சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால், நடையின் புண்ணியமும் காசின் புண்ணியமும் டப்பாவின் கணக்கில் ஏறிவிடும். பீட்டா கரோட்டின் விஷயத்தில் உலகம் ஏமாந்தது இப்படித்தான். ரத்தத்தில் அந்த நிறமி அதிகமாக இருந்தவர்கள் கீரையும் பழமும் நிறையச் சாப்பிட்டவர்கள். அந்த வாழ்க்கை முறையே அவர்களைக் காத்திருக்கிறது. காரணம் நிறமிதான் என்று முடிவுகட்டியது பிழை.

குலுக்கல் இந்தச் சிக்கலை அறுத்துவிடுகிறது. யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யும்போது, ஏழையும் பணக்காரரும், பீடி குடிப்பவரும் குடிக்காதவரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே விழுவார்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால், அதற்கு மருந்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். இதைத்தான் குலுக்கல் முறைச் சோதனை என்கிறோம். எதைச் சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல் வைப்பது மறைப்பு. தெரிந்தால் மனம் குறுக்கே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நாம் மாத்திரை வாங்கப் போவது எப்போது? உடம்பு மிகவும் ஓய்ந்துபோன நாளில். மிக மோசமான நாளுக்கு அடுத்து வரும் நாட்கள் பெரும்பாலும் அதைவிடத் தேவலையாகவே இருக்கும். கதிர் ஒடிப்பு முடிந்து இரண்டு நாள் தூங்கினாலே அசதி போகும். பேர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். "எனக்குக் கேட்டுச்சுங்க" என்று மனமாரச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் தேறியது நிஜம். எதனால் தேறினார் என்பதைத் தனி ஒருவரின் அனுபவத்தால் சொல்ல முடியாது, அவ்வளவே.

அடுத்த முறை ஒரு டப்பா கையில் வந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஓடும் இளைஞர் படமும் 'எதிர்ப்பு சக்தி' என்ற பெரிய எழுத்தும் இருக்கும். சற்றுத் தேடினால் ஆங்கிலத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஒரு வரி கிடைக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள் அந்த வரியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் இவை உணவு. புது மருந்து ஒன்றை விற்க, நோயைக் குணமாக்கும் என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். சத்து டப்பாவுக்கு அந்தக் கடமை இல்லை. உள்ளே இருப்பதாகச் சொல்வது உள்ளே இருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை. கொச்சி ராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த குழு, இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளை ஆய்வகத்தில் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது.

காசு போனால் போகட்டும் என்று விடலாம். எனக்குப் பெரிய கவலை வேறு: டானிக் நோயை மறைக்கும். அறுபது வயது ஆணுக்கு ரத்தசோகை என்றால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று மருத்துவர் தேடுவார். அங்கே புண் இருக்கலாம், புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அவர் கடையில் டானிக் வாங்கிக் குடித்து முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டால், தேட வேண்டிய மாதங்கள் வீணாகும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டால் ரத்தம் சரியாகிவிடும், நரம்பு தொடர்ந்து கெடும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில தைராய்டு பரிசோதனைகளையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையும் மோசடி என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். நம் ஊரில் உண்மையான குறை நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை மருந்துதான். கர்ப்பிணிக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் அந்த மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிரட்டுகிறது என்று கூரையில் செருகிவைக்கிறார்கள். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிடுவது பிள்ளையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும் என்பது 1991-இல் குலுக்கல் சோதனையில் உறுதியானது. சர்க்கரைக்காகப் பல ஆண்டு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. பாதம் மரத்துப்போனால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விடாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எங்களூரில் ஆயிரக்கணக்கில் காசு போகும் டப்பாவுக்கும் அரசின் இலவச மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: மாத்திரையின் பின்னால் நிரூபிக்கப்பட்ட குறை இருக்கிறது, டப்பாவின் பின்னால் விளம்பரம் இருக்கிறது.

மண் பரிசோதனைக்கு இணையாக மனிதனுக்கு என்ன செய்வது? இதற்குத்தான் நோய் வருமுன் பார்க்கும் மருத்துவம். அதில் முதலாவது, ரத்த அழுத்தம். அது ஏறினால் பெரும்பாலும் வலிக்காது, தலை சுற்றாது; பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். 2023-24-இல் மறுபடி கணக்கெடுத்தபோது அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேராக உயர்ந்திருந்தார்கள். போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய.

தன்னார்வலர் அழுத்தம் பார்க்க வரும்போது ஒரு விஷயம். வயலிலிருந்து வேகமாக வந்த கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி உட்காருங்கள். அரைமணி நேரத்துக்குள் காபி, பீடி, புகையிலை கூடாது. கை இதய உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை இறுகும்போது பேசாதீர்கள். கொஞ்சம் விட்டு இரண்டாம் முறையும் பார்க்கச் சொல்லுங்கள். 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் அம்லோடிபின் போன்ற மலிவான மாத்திரை பக்கவாதத்தைக் குறைக்கும் என்பதும் குலுக்கல் சோதனைகளைத் தாண்டி வந்த உண்மைதான்.

இரண்டாவது, கருப்பைவாய்ப் பரிசோதனை. அதற்கான சான்றும் தமிழ்நாட்டுடையது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் துணையோடு, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தது. 114 பகுதிகளைக் குலுக்கி, பாதியில் பரிசோதனை, மறுபாதியில் வழக்கமான கவனிப்பு. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து, பஞ்சால் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார் பயிற்சி பெற்ற செவிலியர். மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். அங்கேயே குளிரூட்டி அதை அழித்துவிடலாம். வாழ்நாளில் ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்ததில், ஏழு ஆண்டுக் காலத்தில் புற்றுநோய் கால்வாசியும் அதனால் வந்த இறப்பு மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. 2007-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. எந்தச் சத்து டப்பாவும் இப்படி ஒரு கணக்கைக் காட்டியதில்லை.

டப்பாவிடம் கேட்கும் கேள்வியைப் பரிசோதனைகளிடமும் கேட்டாக வேண்டும். பெரிய நகரங்களில் விற்கும் 'மாஸ்டர் செக்கப்' தொகுப்புகளில் ஐம்பது, அறுபது பரிசோதனைகள் அடுக்கியிருப்பார்கள். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் இத்தகைய பொதுப் பரிசோதனைகளைப் பற்றி இரண்டரை லட்சம் பேர் பங்கெடுத்த குலுக்கல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவை இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. நிறையத் தேடினால் தொல்லை தராத சிறு மாற்றங்களும் கண்ணில் படும். அதைத் துரத்தி மேலும் பரிசோதனை, மேலும் பயம். குறி வைத்த சில பரிசோதனைகள் போதும்: அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகம், புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்.

இவை எல்லாம் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆகவே குன்னம் வட்டாரத்து உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். அசதிக்கு அடுத்த டப்பா வாங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வாருங்கள். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வயது தாண்டிய அக்கா தங்கைகளைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் ஏற்கெனவே திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டப்பா, டானிக், பொடி எதுவாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அதை மறைக்கவே மறைக்காதீர்கள்.